பாப்பாவோட போன்

பெருமாநல்லூர்

கண்ணு,

மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகந்தானே? நேத்து நீ பாப்பாவைத் திட்டினது போன்ல எனக்கும் கேட்டுச்சு. "எந்நேரமும் வீடியோ"ன்னே. போன்ல இதைக் கோர்வையாச் சொல்ல வராது, அதான் எழுதறேன்.

1981-ல எனக்குப் பதினஞ்சு வயசு. 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்' ரெண்டு படமும் அந்த வருசந்தான் வந்துச்சு. ரெண்டும் சின்ன வயசுக் காதல். நான் அப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில கைமடி. டெய்லர் தெச்சுத் தள்ற பீஸை எடுத்து மடிச்சு அடுக்கணும், அடுத்ததை எடுத்துத் தயாரா நீட்டணும். கொஞ்சம் அசந்தா மிசின் நின்னுரும். சாயந்தரம் புருவமெல்லாம் பஞ்சுத்தூசி. சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே எங்கம்மா, அதான் உங்க அம்முச்சி, கையில குடுத்துருவேன்.

உன் பதினஞ்சு வயசுல, 2002-ல, 'துள்ளுவதோ இளமை' வந்து பெத்தவங்களை எல்லாம் பயமுறுத்துச்சு. நீயோ நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல. ஞாயித்துக்கிழமை நான் சோத்துப் போசியைத் திறந்து வெச்சாலும் உன் வாய் கெமிஸ்ட்ரியத்தான் முணுமுணுக்கும். உன்கூடப் படிச்ச பிள்ளைக சிலது சுமங்கலித் திட்டத்துல நூல் மில்லுக்குப் போச்சுக. மூணு வருசம் மில் ஹாஸ்டல்லயே தங்கி வேலை செஞ்சா, கடைசியில கல்யாணத்துக்குன்னு மொத்தமாப் பணம். உடம்பு முடியாம நடுவுல நின்னவளுக்கு அதுவும் கைக்கு வரல. நான் பார்த்த எந்தப் படத்துலயும் அந்தப் பிள்ளைகளும் இல்ல, நீயும் இல்ல.

இதுதான் என் ஆதங்கம் கண்ணு. அந்த வயசுன்னாலே காதல்தான்னு பெரியவங்க படம் எடுத்தாங்க. அதை வெச்சே ஊர்ல பிள்ளைகளைச் சந்தேகப்பட்டாங்க. ஒருத்தி சைக்கிள்ல சிரிச்சுட்டுப் போனாக்கூட "சினிமா பார்த்துக் கெட்டுப்போச்சு"ம்பாங்க. அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

பாப்பா காலத்துலதான் பிள்ளைக தங்களைத் தாங்களே போன்ல வீடியோ எடுத்துக் காட்ட முடியுது. முன்னபின்ன தெரியாதவங்க கண்ணுல அந்த வீடியோ படக்கூடாது, அதுல நீ கண்டிப்பா இரு. ஆனா போனைப் புடுங்காத. போன மாசம் அவ அனுப்பின வீடியோவைப் பார்த்தியா? பரீட்சை அன்னிக்குக் காலையில சிநேகிதி ஷூ கயிறு கட்டறா, விரல் நடுங்குது, ரெண்டு தடவை முடிச்சு நழுவுது. பேச்சே இல்ல. பார்த்துட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உன் ஹாஸ்டல் நாளெல்லாம் அதுல தெரிஞ்சுது.

"அம்முச்சி, உன் பதினஞ்சு வயசை எடுக்கணும்"கிறா. தசரா லீவுக்கு அவளை அனுப்பி வை. எங்க டெய்லர் அண்ணன் இன்னும் அங்கேரிபாளையத்துலதான் இருக்கார். மிசின்ல உக்கார்றேன்னு சொல்லியிருக்கார், நான் பக்கத்துல நின்னு மடிச்சுக் காட்டறேன்.

உன் அம்மா