ஸ்டார்ஷிப் வெடித்தபோது கைதட்டிய நண்பர்களுக்கு

வணக்கம். நானும் உங்களைப் போல ஒரு ராக்கெட் ரசிகன்தான். 2023 ஏப்ரல் 20 அன்று, நம் நேரப்படி மாலை 7 மணிக்கு மேல், அமெரிக்காவில் டெக்சாஸின் போக்கா சிக்காவிலிருந்து, ஈலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் முதல்முறையாக முழு ராக்கெட்டாகக் கிளம்பியதை நேரலையில் பார்த்தேன். 33 இன்ஜின்களில் சில எரியவே இல்லை, இருந்தும் அந்த 120 மீட்டர் உருவம் மெல்ல எழும்பியது. நாலு நிமிடத்தில் சுழன்று, வெடித்தது. அங்கே ஊழியர்கள் கைதட்டினார்கள். இங்கே நானும் தட்டினேன்.

வெடித்ததற்கா கைதட்டுவார்கள் என்று சிரித்தவர்களுக்கு, சோதனை ராக்கெட் வெடிப்பது சகஜம் என்று நீங்கள் சொன்ன பதில் சரிதான். இதே நிறுவனத்தின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 மூன்று முறை தோற்று, நாலாவது முறை, 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையைத் தொட்டது. சோதனை என்றால் தோற்கும். அதில் நமக்குள் சண்டை இல்லை.

நான் பேச வந்தது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. அன்று ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்தது. அந்தத் தூசு சுமார் 10 கிலோமீட்டர் வரை போய் விழுந்ததாக அமெரிக்க வனவிலங்குத் துறையே சொன்னது. பக்கத்துப் பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் தீப்பிடித்தது. அருகிலுள்ள போர்ட் இசபெல் ஊர்க்காரர்கள் தங்கள் கார் மேலும் ஜன்னல் மேலும் படிந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். நம்மில் பலர் அவர்களையும் சிரித்தவர்களோடு சேர்த்து, முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று விரட்டினோம். அது தப்பு, எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஏனென்றால் அவர்கள் கேட்டது நல்ல பொறியியல் கேள்வி. பெரிய ராக்கெட்டுக்கு அடியில் நெருப்பைத் திருப்பிவிடப் பள்ளம் வேண்டும், தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். இங்கே இரண்டும் இல்லை. தண்ணீரால் குளிரும் எஃகுத் தகடு தயாராகவில்லை, கான்கிரீட் ஒரு ஏவுதலைத் தாங்கிவிடும் என்று நினைத்தோம் என மஸ்க்கே பிறகு சொன்னார். அப்புறம் அந்தத் தகட்டைப் போட்டார்கள். நவம்பர் 18 அன்று இரண்டாவது முறை ஏவியபோது தளம் பெரிய சேதமில்லாமல் நின்றது, 33 இன்ஜின்களும் எரிந்தன. இடையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 63 திருத்தங்களைப் பட்டியலிட்டிருந்தது. கட்டுப்பாடு இழந்த ராக்கெட்டைத் தானாக வெடிக்கச் சொல்லியும் அது எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வெடித்ததும் அந்த ஏப்ரல் ஏவுதலின் கோளாறுகளில் ஒன்று, நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2025 ஜனவரி 16 அன்று இன்னொரு ஸ்டார்ஷிப்பின் மேல்பகுதி சிதறி, அட்லாண்டிக் கடலில் உள்ள டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளுக்கு மேலே ஒளிக்கோடுகளாக விழுந்த வீடியோவை எத்தனை பேர் பகிர்ந்தோம்! அழகாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் விமானங்கள் வழி மாறிப் பறந்துகொண்டிருந்தன, தீவில் ஒரு வண்டி லேசாகச் சேதமானதாகத் தகவல் வந்தது.

அடுத்த முறை ஒருவர் தன் வாசலில் விழுந்ததைப் படம் எடுத்துப் போட்டால், தயவுசெய்து அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இன்ஜின் அழுத்தத்தைப் பற்றி ராத்திரி முழுக்க அலசுகிற நாம், அந்தத் துண்டு எந்தப் பாகம், தொடலாமா கூடாதா, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று தேடிச் சொல்ல அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

உங்களில் ஒருவன்