உண்ண மறுக்கும் குழந்தையைப் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மகள் இரண்டு வாய்க்கு மேல் உண்ண மறுக்கிறாள் என்றும், சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே உனக்கு மனம் பதறத் தொடங்கிவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். அவள் உண்ணும் அளவைவிட உன்னுடைய அந்தப் பதற்றமே எனக்குக் கவலையளித்தது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு வயதுக் குழந்தையின் பசி குறைவது பெரும்பாலும் நோயன்று. பிறந்தபோது இருந்த எடையைப் போல ஏறத்தாழ 3 மடங்கை முதல் பிறந்தநாளுக்குள் எட்டிவிடும் குழந்தை, அடுத்த ஓராண்டு முழுவதிலும் 2 முதல் 2.5 கிலோ வரைதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது உடல் கேட்கும் உணவும் குறைகிறது. அதே வயதில்தான் பழக்கமில்லாத உணவைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பும் வலுக்கிறது. தானே நடந்து சென்று எதையும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய பருவத்தில் நஞ்சிலிருந்து காக்கும் தற்காப்பாக அது அமைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நேற்று விரும்பி உண்டதை இன்று அவள் தள்ளிவிடுவதை உன்மீதுள்ள கோபமாகவோ பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்ளாதே.

குழந்தை உணவு பற்றிப் பேசும் வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு பிரிவினை உண்டு. நான் உறுதியாக நம்புவதும் அதைத்தான். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும்; உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும். நீ இப்போது அவளுடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறாய். கைப்பேசியைக் காட்டி அவள் கவனிக்காத நேரத்தில் ஊட்டிவிடும் ஒவ்வொரு வாயும், தனக்குப் பசிக்கிறதா, வயிறு நிறைந்துவிட்டதா என்று உணரும் திறனை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கிறது. ஆகவே திரையை நிறுத்திவிடு. முதல் சில நாட்கள் அவள் இன்னும் குறைவாக உண்டாலும் பொறுத்துக்கொள்.

சமையலையும் எளிமையாக்கிக்கொள். அவளுக்கென்று தனியாக நான்கு வகை சமைத்து, நான்கையும் அவள் மறுக்கும்போது எரிச்சல் வருவது இயற்கை. வீட்டில் எல்லோரும் உண்பதிலிருந்தே, காரமும் உப்பும் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும். தட்டில் அவள் வழக்கமாக உண்ணும் ஒன்று எப்போதும் இருக்கட்டும்: வெறும் சோறோ, வாழைப்பழமோ, தயிரோ எதுவாயினும் சரி. அதன் பக்கத்தில் வேகவைத்த முட்டையோ பருப்போ சிறிதளவும், மென்மையாக வெந்த ஒரு காயின் துண்டும் வை. ஒவ்வொரு உணவு வகையிலும் வயது ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில், அவளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதுமானது. அந்த அளவு நம் கண்ணுக்கு மிகச் சிறிதாகத் தெரியும். குவித்து வைத்த தட்டோ குழந்தையை மிரட்டும். வேண்டுமானால் அவளே மேலும் கேட்கட்டும். முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட் துண்டு ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியே கொடு.

ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை, சில குழந்தைகளுக்கு அதற்கும் மேலாக, அதைச் சுவைத்துப் பழக வேண்டியிருக்கும். நாலைந்து முறை கொடுத்துவிட்டு 'இவளுக்கு இது பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். தொட்டுப் பார்ப்பதும், முகர்வதும், வாயில் வைத்துத் துப்புவதும்கூட அந்தப் பழக்கத்தின் படிகள்தாம். நீயும் அவள் எதிரில் உட்கார்ந்து அதையே உண். அவள் உண்டாளா இல்லையா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே. காயை உண்டால் இனிப்பு தருவேன் என்று பேரம் பேசினால், இனிப்பின் மதிப்பு ஏறி, காய் அவளுக்குத் தண்டனையாகத் தோன்றத் தொடங்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுண்டியும், இடையே இரண்டரை அல்லது மூன்று மணி நேர இடைவெளியுமாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் கொடு. நாள் முழுவதும் பாலும் பிஸ்கட்டுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் பசி எப்படி வரும்? பால் நாளொன்றுக்கு 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அதற்கு மேல் போகும்போது வயிறு நிறைந்துவிடுவதோடு, இரும்புச்சத்துக் குறைவும் ஏற்பட வாய்ப்புண்டு. இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும்.

எடை குறைந்தாலோ, பல மாதங்களாக ஏறாமலே நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, குறிப்பிட்ட பதத்திலுள்ள உணவுகள் அனைத்தையுமே அவள் ஒதுக்கினாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டு. அப்படி எதுவும் இல்லை, எடையைக் குறித்துவரும் வளர்ச்சி வரைபடத்தில் தனக்குரிய கோட்டை ஒட்டியே வளர்கிறாள், ஓடி விளையாடுகிறாள் என்றால், வருவோர் போவோர் 'ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறாள்' என்று கேட்பதை நீ பொருட்படுத்த வேண்டியதில்லை.

இரவு உணவை அவள் தொடாமலே எழுந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். இருபது, முப்பது நிமிடம் ஆனதும் கடிந்துகொள்ளாமல் தட்டை எடுத்துவிடு. அதற்கு மாற்றாக வேறொன்றைச் சமைக்காதே. தூங்குமுன் வழக்கமாகத் தரும் பாலை மட்டும் அதே அளவில் கொடு. காலையில் பசியோடு எழுவாள், அப்போது உண்பாள்.

அன்புடன்,
உன் அக்கா