அம்முவுக்கு, இந்த ஆண்டுச் செய்திமடலோடு

அன்புள்ள அம்முவுக்கு,

ஐ.பி. டிப்ளமோ ரிசல்ட், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் எழுதும் சர்வதேசத் தேர்வின் ரிசல்ட், வந்து இரண்டு நாள் ஆகிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் எழுத்தில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். பள்ளியின் ஆண்டிறுதிச் செய்திமடலையும் கூடவே வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்த பிறகு அதைப் பிரி.

போன மாதம் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாய். "இந்த வருஷமும் நாற்பதுக்கு மேல வாங்கினவங்க பேரு மட்டும்தானாப்பா போடுவீங்க?" நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். நீயும் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிட்டாய். அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். 40, 41, 43 என்று பெயர்களை வரிசைப்படுத்திய அதே மேசையில், 45க்கு 33 வாங்கிய என் பெண்ணின் மதிப்பெண் தாளும் கிடந்தது.

நீ ரிசல்ட்டைக் காட்டியபோது என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "கணக்குல ஏன் 4?" பாடத்துக்கு 7 வீதம் ஆறு பாடங்களில் 42க்கு 30 புள்ளி. நீங்களே தலைப்பெடுத்து எழுதுகிற நீள் கட்டுரைக்கும் டி.ஓ.கே. என்கிற அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்துத் தருவதே மொத்தம் 3 புள்ளி, அந்த மூன்றையும் முழுசாக வாங்கியிருந்தாய். டிப்ளமோவுக்கு 24 போதும். உலகம் முழுக்க எழுதுகிற பிள்ளைகளின் சராசரியே 30ஐ ஒட்டித்தான் நிற்கும். ஊரார் பிள்ளைகளின் பெற்றோரை உட்காரவைத்து இதையெல்லாம் பொறுமையாக விளக்குகிறவன் நான். என் வீட்டில் மட்டும் அது எனக்கு மறந்துபோனது. அந்த மூன்று புள்ளி எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அம்மு. அந்தக் கட்டுரைக்காகச் சமையலறையில் ஒரே ஒரு கண்ணாடிக் குவளையை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் அளவுக் காகிதம் ஒட்டி, அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராகத் தண்ணீர் ஊற்றி, பென்சிலால் தட்டித் தட்டிப் பதிவு செய்தாய். பாட்டிலில் ஊதினால் தண்ணீர் ஏற ஏறச் சுருதி ஏறுகிறது, குவளையைத் தட்டினால் தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்குகிறது, ஏன் என்று அம்மாவிடம் நீ கேட்டுக் கேட்டு அவளும் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சொந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியாக இருக்க விதி இடம் தராது என்பதால் நான் ஒதுங்கியே இருந்தேன். இருந்தும் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உன் வரைபடத்தில் சுருதியின் கோடு பாதி தூரம் வரை ஏறக்குறைய மட்டமாகப் போய், விளிம்பை நெருங்கும்போது சரேலென்று விழுந்திருந்தது. "அளவு எங்கேயோ தப்பு, மறுபடி எடு" என்றேன். நீ மூன்று தரம் எடுத்தாய். மூன்று தரமும் அதே கோடு. கடைசியில் நீயே கண்டுபிடித்து வந்து சொன்னாய்: குவளையில் அதிகம் அதிர்வது விளிம்புதான், அடியில் கிடக்கிற தண்ணீர் அதற்குப் பாரமே இல்லை, மேலே வர வரத்தான் அது விளிம்பைப் பிடித்து இழுக்கிறது என்று. இருபது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் தப்பு என்று சொன்னது சரியாக இருந்தது. அன்றைக்கு "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணக்கைப் பார்க்கச் சொன்னேன். இப்போது சொல்கிறேன்: நீ செய்தது உண்மையான விஞ்ஞானம். அப்பா சொன்னதைவிட அளவுகோல் சொன்னதை நம்பினாய். எனக்கு அது பெருமை. அதை அன்றே சொல்லாதது என் தவறு.

அதனால்தான் இந்த வருஷம் செய்திமடலை மாற்றினேன். முதல்வரம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான், எண்ணை எடுத்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்றார். நியாயமான கவலை. எண்ணை எடுக்க வேண்டாம் என்றேன். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேருக்கு டிப்ளமோ என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும் (இந்த வருஷம் 38 பேரில் 37 பேர்). அதற்குக் கீழே ஒவ்வொருவரும் தன் விருப்பத்தில் எடுத்து எழுதிய கட்டுரையின் தலைப்பு, அகர வரிசையில், புள்ளி இல்லாமல், அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு. 4,000 சொல்லுக்குள் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தானாகக் கேள்வி எழுப்பி, தானாக விடை தேடுவது எத்தனை பள்ளிகளில் நடக்கிறது? அதை நாமே மறைத்து வைப்பானேன்? இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இந்த வருஷப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன் கேள்.

ஐஸ்லாந்திலிருந்து வந்த ஒரு பெண். பள்ளி முழுக்கத் தேடினாலும் அவள் மொழி பேச வேறு ஆள் கிடையாது. இலக்கியத்தை அவள் தன் தாய்மொழியிலேயே எடுத்தாள். ஆசிரியர் இல்லாவிட்டால் பள்ளியின் மேற்பார்வையில் தானே படித்துத் தேர்வு எழுதலாம் என்று ஐ.பி.யில் வழி இருக்கிறது. இரண்டு வருஷம் நூலகத்தின் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து படித்தாள். வாய்மொழித் தேர்வை ஒலிப்பதிவு செய்த அன்று நான்தான் கூட இருந்தேன். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது எப்போதும் தணிந்தே இருக்கிற அவள் குரல், அன்று வேறு ஆளின் குரல் மாதிரி இருந்தது. கையை ஆட்டுகிறாள், ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள், ஒரு வரியைச் சொல்லும்போது தானாகச் சிரிக்கிறாள். முடித்ததும் பழக்க தோஷத்தில் "சரியா இருந்ததா?" என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். புரியாமலேயே தலையாட்டினேன். அவளுக்கு இருமொழி டிப்ளமோ கிடைத்திருக்கிறது. சான்றிதழில் அது ஒரே ஒரு சொல்தான். நூலகத்தில் அவள் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டுக்குப் போகிறான். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் போவது இதுதான் முதல் தடவை. 1959ல் ருமேனியாவில் தொடங்கிய போட்டி அது. ஒரு நாட்டுக்கு ஆறு பேர்தான் போக முடியும். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்று மூன்று கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், மொத்தம் 42. பதக்கம் கிடைக்காவிட்டாலும் ஒரே ஒரு கணக்கை முழுசாகப் போட்டுவிட்டால் கௌரவச் சான்றிதழ் உண்டு. பதக்கத்தைப் பற்றி எல்லோரும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவனோ, "ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஓட்டை இல்லாம எழுதிட்டா எனக்குப் போதும் சார்" என்கிறான். கிளம்பும் முன் அவனுக்கு அறிவுரை எதுவும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லவில்லை.

இளைஞர்களுக்கென்று எடின்பரோ கோமகன் பெயரில் இருக்கிற விருதில் நான்கு பேர் தங்க நிலையை முடித்தார்கள். மாதிரி ஐ.நா.வுக்கு எட்டுப் பேர் போய்வந்தார்கள். நாடகம் நன்றாக இருந்தது, கூட்டமும் நிறைய. கூடைப்பந்தில் பெண்கள் அணி இறுதி வரை போனது. இதெல்லாம் மடலில் படத்தோடு இருக்கிறது, பார்த்துக்கொள்.

நான் உன்னிடம் அதிகம் பேச நினைப்பது அந்த ஒரே ஒரு பையனைப் பற்றித்தான். 37 பேர் என்று சொன்னேனே, முப்பத்தெட்டாவது ஆள்.

23 புள்ளி. ஒரு புள்ளியில் போய்விட்டது. பள்ளிக்கு ரிசல்ட் 5ஆம் தேதியே வந்துவிடும், பிள்ளைகளுக்கு 6ஆம் தேதிதான். அந்த ஒரு ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான், எனக்கு எண் தெரியும். எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வேலையில் எனக்குப் பழகாதது இதுதான். மறுநாள் போனில் அழைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அறை வாசலில் வந்து நின்றான்.

பன்னிரண்டு வருஷப் படிப்பில் அவனுக்கு இது ஐந்தாவது பள்ளி. அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பாதி வகுப்பில் எழுந்து வந்தவன். ஐ.பி. என்கிற ஏற்பாடே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் உண்டானது, உனக்குத் தெரியுமா? 1924ல் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கத்திலும் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், ஒரே வகுப்பில் நாலைந்து நாட்டுத் தேர்வுக்குத் தனித்தனியாகத் தயார் செய்தால் எப்படிப் பாடம் நடத்துவது? எல்லா எல்லையிலும் செல்லுபடியாகிற ஒரே சான்றிதழ் வேண்டும் என்று பேசிப் பேசித்தான் 1968ல் ஐ.பி. அமைப்பு பிறந்தது. அப்படிப் பிறந்த சான்றிதழ் இவனுக்கு ஒரு புள்ளியில் தள்ளிப் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அவனிடம், மறுமதிப்பீடு கேட்கலாம், செப்டம்பர் 15 வரை நேரம் இருக்கிறது, ஆனால் மதிப்பெண் ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும், நீயும் வீட்டில் கலந்து பேசிச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றேன். நவம்பரில் இரண்டு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம், கட்டுரைக்கு வாங்கியது அப்படியே நிற்கும் என்றும் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான், "அந்தப் பக்கத்துல என் தலைப்பும் வருமா சார்?"

அவன் கட்டுரை உயிரியலில். வெவ்வேறு அளவு உப்புக் கலந்த நீரில் பயறு முளைக்கும் வேகம். என் ஆய்வகத்து ஜன்னலோரம் அவன் தட்டுகள் ஒன்றரை மாதம் வரிசையாக இருந்தன. சனிக்கிழமையும் வந்து குனிந்து ஒவ்வொன்றாக எண்ணுவான். ஒருதரம் சுத்தம் செய்ய வந்தவர் தெரியாமல் இரண்டு தட்டைக் கொட்டிவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், புதுசாக விதை போட்டு முதல் நாளிலிருந்து ஆரம்பித்தான். கட்டுரைக்கு பி கிரேடு.

"நீ சரின்னு சொன்னா வரும்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "போடுங்க சார்" என்றான். நவம்பரில் எழுதுகிறான். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். வேதியியலுக்கும் ஓர் ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது மடலைப் பிரித்துப் பார். நான்காம் பக்கம். முப்பத்தெட்டுத் தலைப்பும் இருக்கிறது. உன் வயதில் நீ பார்த்திருக்க வேண்டிய பக்கம் அது. உனக்கு ஒன்பது வருஷம் தாமதமாக வந்து சேருகிறது. அப்பாவை மன்னித்துவிடு.

இன்னொன்றும் வேண்டும். நூலகத்தில் கட்டுரைகளுக்கென்று ஒரு அலமாரி ஒதுக்கித் தருகிறார்கள். பழைய மாணவர்களிடமும் கேட்டு வாங்கி வைக்கலாம் என்று முடிவு. உன்னுடைய பிரதி பள்ளியில் இல்லை, தேடிவிட்டேன். பழைய மடிக்கணினியில் எங்காவது கிடக்கும், பார்த்து அனுப்பு. முழுசும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கோடு சரேலென்று விழுகிற வரைபடம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தையாவது முதலில் அனுப்பு. அதை இன்னொரு தரம் ஆற அமரப் பார்க்க வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அப்பா