சார்ஜ் போர்டைப் பார்த்துவிட்டு பேட்டரி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயர் உள்ள கீபோர்டை வயர்லெஸ்ஸாக மாற்றுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சால்டரிங் பற்றியும் புளூடூத் இணைப்பு பற்றியும் எழுதியிருந்தது புதிதாக இறங்குபவருக்கும் புரியும்படி இருந்தது. பேட்டரி விஷயத்தில் மட்டும், உள்ளே அடங்குகிற அளவில் பெரியதாக ஒன்றைப் போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பழைய கீபோர்டுகளைப் பிரித்துப் போட்டு மாற்றிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு. அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வேலையைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பேட்டரி சரிவராது. ஒன்று, கீபோர்டின் பழைய கன்ட்ரோலரை (எந்த விசை தட்டப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் சிப்) கழற்றிவிட்டு, விசைகளிலிருந்து வரும் கம்பிகளை நேராக ஒரு புளூடூத் போர்டில் இணைப்பது. பெரும்பாலோர் இதற்கு எடுப்பது நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சிப் உள்ள போர்டைத்தான். அதில் இசட்எம்கே என்ற கீபோர்டு மென்பொருளை ஏற்றி, அதன் தூக்க வசதியையும் இயக்கி வைத்தால், கொஞ்ச நேரம் யாரும் தட்டாதபோது தானாகவே தூங்கப் போய்விடும். சராசரியாக 1 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும், 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி 500 மணி நேரம், அதாவது 20 நாள் தாங்கும்.

இன்னொரு வழி, கீபோர்டில் கை வைக்காமல், அதன் யூஎஸ்பி கேபிளைச் செருகிக்கொண்டு புளூடூத்தாக அனுப்பும் இடைப்பெட்டி ஒன்றைச் சேர்ப்பது. இதுதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் யூஎஸ்பி கீபோர்டுக்கு 5 வோல்ட் வேண்டும், லித்தியம் செல் தருவதோ 3.7 வோல்ட். நடுவில் வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் போர்டு தேவை. கீபோர்டு 5 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பூஸ்ட் போர்டின் திறன் 85 சதவீதம் என்றால், செல்லிலிருந்து போவது ஏறத்தாழ 80 மில்லி ஆம்பியர். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி போட்டாலும் 25 மணி நேரத்தில் காலி. இதில் இடைப்பெட்டி தின்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. அதனால் பேட்டரி வாங்கும் முன் கீபோர்டு எவ்வளவு இழுக்கிறது என்று யூஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கீபோர்டே கணினியிடம் ஓர் எண்ணைச் சொல்லும்தான், ஆனால் அது அதிகபட்ச அளவு. 100 என்று சொல்லிவிட்டு அதில் பாதிகூட எடுக்காத கீபோர்டுகள் நிறைய உண்டு.

இந்த இடத்தில் பவர் பேங்கை ஒட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம்தான். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் மட்டும் போனால், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். பாதி வரி தட்டும்போது கீபோர்டு செத்துப் போவது எரிச்சலான விஷயம்.

வண்ண விளக்குகள் உள்ள கீபோர்டு என்றால் கணக்கே வேறு. டபிள்யூஎஸ்2812 வகை எல்இடிகள் அணைந்திருக்கும்போதும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். அறுபது விளக்கு இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். விளக்குகளுக்கான மின்சாரத்தையே துண்டிக்கிற ஏற்பாடு இல்லாமல் எந்தப் பேட்டரியும் போதாது. என்னைக் கேட்டால் விளக்கே வேண்டாம்.

இனி, நான் எழுத உட்கார்ந்த முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். கட்டுரையில் சார்ஜ் செய்ய டிபி4056 போர்டைப் பரிந்துரைத்திருந்தார்கள். நல்ல போர்டுதான், எங்கும் கிடைக்கும். ஆனால் அது வரும்போதே 1000 மில்லி ஆம்பியர் தள்ளும்படி அமைக்கப்பட்டு வருகிறது. மெல்லிய கீபோர்டுக்குள் வைக்கப் பலர் வாங்குவது 301230 என்று அச்சிட்ட சிறு லித்தியம் பாலிமர் பேட்டரியை. 3.0 மில்லிமீட்டர் தடிமன், 12 அகலம், 30 நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 110 மில்லி ஆம்பியர்-மணி. சாதாரண லித்தியம் செல்லுக்குள் அதன் கொள்ளளவு எண்ணுக்கு மேல் மின்னோட்டத்தைத் தள்ளக் கூடாது. அதில் பாதியோடு நிறுத்துவது உத்தமம். இங்கே ஒன்பது மடங்கு போகிறது. செல் சூடாகும், ஊதும், அதற்கு மேலும் போகலாம். பேட்டரியிலேயே பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதே என்றால், அது முக்கியமாக அதிக வோல்டேஜையும், அளவுக்கு மீறிக் காலியாவதையும், ஷார்ட்டையும்தான் தடுக்கும். இவ்வளவு வேகமாக சார்ஜ் ஏறுவதை அது கண்டுகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

சரி, என்ன செய்வது? பெரும்பாலான டிபி4056 போர்டுகளில் சிப்புக்குப் பக்கத்தில் '122' என்று எழுதிய மிகச் சிறிய கறுப்பு ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். 1200 ஓம். சார்ஜ் மின்னோட்டத்தை முடிவு செய்வது அதுதான். அதை எடுத்துவிட்டு 2000 ஓம் வைத்தால் 580 மில்லி ஆம்பியர் ஆகும், 5000 ஓம் வைத்தால் 250. '103' என்று எழுதிய 10,000 ஓம் வைத்தால் 130. இந்த 130க்கு ஏற்றபடி 250 மில்லி ஆம்பியர்-மணிக்குக் குறையாத பேட்டரியாகத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை இல்லை. அந்தப் பொடி ரெசிஸ்டரை மாற்றக் கை நடுங்குகிறவர்கள், போர்டை அப்படியே விட்டுவிட்டு 2000 மில்லி ஆம்பியர்-மணி அளவில் பேட்டரியைத் தேட வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. நைஸ் நானோ போன்ற புளூடூத் போர்டுகளில் சார்ஜரும் சேர்ந்தே இருக்கிறது. அது தருவது 100 மில்லி ஆம்பியர். இடம் இருக்கிறதே என்று 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியைப் போட்டால், முழுசாக ஏற ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். கீபோர்டு ஒரு மில்லி ஆம்பியரில் ஓடுகிறபோது அவ்வளவு பெரிய பேட்டரிக்கு வேலையும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய சில விஷயங்கள். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு நகருங்கள். நல்ல செல்லே 3500 வாக்கில்தான் நிற்கும். ஆன்லைனில் வரும் சிறு பேட்டரிகளில் சிவப்பு, கறுப்பு வயர்களின் வரிசை ஆளுக்கொரு விதமாக இருக்கும். பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். வயரை வெட்ட வேண்டி வந்தால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். கட்டிங் பிளேயரின் வாய்க்குள் இரண்டும் ஒன்றாகப் போனால் அங்கேயே ஷார்ட். பை போன்ற பேட்டரி நாளடைவில் கொஞ்சம் உப்பும், ஆகவே அதை இறுக்கித் திணிக்கக் கூடாது. மேலிருந்து இறங்கும் ஸ்க்ரூவின் முனை எங்கே வருகிறது என்றும் மூடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி பேட்டரியும் மோசமில்லை. 1020 மில்லி ஆம்பியர்-மணி, உள்ளேயே பாதுகாப்புச் சர்க்யூட், தடிமன் 6 மில்லிமீட்டருக்குள். மூன்று முனைகள் இருக்கும், நடுவில் உள்ளதை விட்டுவிடலாம். சற்றே உப்பியிருந்தாலும் தொடாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லைச் சிலர் பாதுகாப்பானது என்று வாங்குகிறார்கள். பாதுகாப்பானதுதான், ஆனால் அது 3.65 வோல்ட்டோடு நிற்க வேண்டியது, டிபி4056 4.2 வரை ஏற்றும். இரண்டும் சேராது.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைக் கட்டுரை தொடவே இல்லை. என்ஆர்எஃப்52840 சிப் 1.7 முதல் 3.6 வோல்ட் வரை நேரடியாக ஓடும். சாதாரண டபுள் ஏ செல் இரண்டைத் தொடராக இணைத்து, போர்டின் 3.3 வோல்ட் முனையில் கொடுத்தால் போதும், சார்ஜரே வேண்டாம். கடைகளில் விற்கும் வயர்லெஸ் கீபோர்டுகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. கீபோர்டின் பின்பக்க மேட்டுக்கு அடியில் அந்த இரண்டு செல்லுக்கும் பெரும்பாலும் இடம் இருக்கும். ஒரே நிபந்தனை, செல்கள் இணைந்திருக்கும்போது போர்டில் யூஎஸ்பியைச் செருகக் கூடாது. செருகினால் அந்த மின்சாரம் செல்லுக்குள் திரும்பிப் பாயும். அதைத் தடுக்கச் செல்களுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் வையுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தொடர்ச்சியாக இன்னொரு கட்டுரை வருமானால், இந்த இணைப்பையும் சுவிட்ச் வரும் இடத்தையும் படம் போட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்