எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியபோது, மேற்பார்வையாளர் வந்து அமர்ந்திருந்த பாடத்தில் பாதி மாணவர்களின் மின்சுற்றில் விளக்கு எரியவில்லை என்றும், நேரம் போய்க்கொண்டிருந்ததால் "எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டதாகவும் சொன்னாய். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் "சரிம்மா, தூக்கம் வருது" என்று வைத்துவிட்டாய். ஆசிரியர் பயிற்சிக்காக உன்னை அனுப்பிய பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இந்தப் பத்து வாரமும் புக்கிட் பாத்தோக்கில் சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடும் பிள்ளையை இரவில் உட்கார வைத்துப் பேசுவது முறையல்ல. ஆகவே எழுதுகிறேன். பேருந்தில் படித்துக்கொள்.

நான் 1989இல் பயிற்சி பெற்றபோது உன்னுடைய தேசியக் கல்விக் கழகம் அந்தப் பெயரில் இல்லை. புக்கிட் தீமா வளாகத்தில் வெறும் கல்விக் கழகமாக இருந்தது. 1991இல்தான் உடற்கல்விக் கல்லூரியும் சேர்ந்து இப்போதைய பெயர் வந்தது. என்னை அனுப்பிய பள்ளியில் உயர்நிலை இரண்டுக்கு ஒளிச்சேர்க்கை எடுக்க வேண்டியிருந்தது. இலையில் மாவுச்சத்து இருப்பதை அயோடின் கொண்டு காட்டும் சோதனையை மேற்பார்வையாளர் வரும் திங்கட்கிழமைக்கென்றே வைத்திருந்தேன். இலையைக் கொதிநீரில் போட இத்தனை நிமிடம், தீயை அணைத்துவிட்டுச் சுடுநீருக்குள் ஆல்கஹால் குழாயை வைத்துப் பச்சையத்தை இறக்க இத்தனை நிமிடம் என்று பாடக்குறிப்பு முழுவதும் கடிகாரம்தான். செம்பருத்தித் தொட்டி காற்றில் சாய்ந்துவிடப் போகிறதே என்று வெள்ளிக்கிழமை மாலையே அதை ஆய்வுக்கூடத்துக்குள் தூக்கிவந்து அலமாரி ஓரத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். அவ்வளவு கவனம்!

திங்கட்கிழமை இலை வெளுத்தது. வெந்நீரில் அலசி வெள்ளை ஓட்டின்மேல் விரித்து அயோடினைச் சொட்டினேன். கருநீலமாக மாறவேண்டிய இலை, அயோடினின் பழுப்பு நிறத்திலேயே கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டேன், இன்னொரு இலையை எடுத்தேன், பழுப்புதான். நாற்பது பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் மேற்பார்வையாளரின் பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. "இது கருநீலமாக மாறியிருக்க வேண்டும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். பிள்ளைகளும் எழுதினார்கள், ஒருத்தி நீலப் பென்சிலை எடுத்து இலைக்கு வண்ணமும் தீட்டினாள். மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில், பிள்ளைகள் தாங்கள் பார்க்காததை எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே வரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற பிறகும் அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை.

அன்று ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர், வயதான மலாய்க்காரர், "செடி எங்கே இருந்தது, டீச்சர்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. வெயில் படாமல் இரண்டு நாளுக்கு மேல் இருட்டில் நின்ற செடி, இலையில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துவிட்டிருந்தது. மறுநாள் அதே பழுப்பு இலையை வகுப்புக்கு எடுத்துப்போய், நேற்று நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, செடி நின்ற இடத்தையும் சொல்லி, என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். "சனி, ஞாயிறு பசிக்குச் சேமித்ததைத் தானே சாப்பிட்டுவிட்டது" என்றான் ஒருவன். அந்த வகுப்பு பிறகு மாவுச்சத்தை மறந்ததே இல்லை.

உன் மின்கலங்களுக்கு வருகிறேன். விளக்கு எரியாத குழுவிடம் பக்கத்துக் குழுவின் மின்கலத்தை வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால், பிழை மின்கலத்திலா, விளக்கிலா, கம்பி இணைப்பிலா என்று அவர்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். நீ எழுதி வைத்திருந்த பாடத்தைவிட அது நல்ல பாடம். வோல்ட்மீட்டரை நம்பிவிடாதே, பழைய மின்கலத்தின் உள்தடை கூடியிருக்கும், சும்மா அளந்தால் நன்றாகக் காட்டிவிட்டு, விளக்கை இணைத்தவுடன் துவண்டுவிடும். முந்தின நாளே ஒவ்வொன்றையும் விளக்கோடு சேர்த்துச் சோதித்துவிடு. பொருள்களைக் கையில் கொடுப்பதற்கு முன்பே செய்முறையைச் சொல்லி முடித்துவிடு. தீப்பெட்டியும் கம்பியும் கைக்கு வந்த பிறகு பதின்மூன்று வயதுக்குக் காது இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பள்ளியில், தேர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று இருந்த நார்மல் பிரிவு உயர்நிலை ஒன்றுக்கும் பாடம் எடுத்தேன். (நீங்கள் 2024 முதல் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளாகப் பாடவாரியாகப் பிரிக்கிறீர்கள், அன்று பிள்ளையையே பிரித்து வைத்திருந்தோம், அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டதுமே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.) பனிக்கட்டி போட்ட குவளையின் வெளிப்புறம் ஏன் நனைகிறது என்று கேட்டேன். உள்ளே இருக்கும் தண்ணீர் கசிகிறது என்றான் ஒரு பையன். "தவறு" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்த்தேன். நீராவி குளிர்ந்து நீராகிறது என்று அவள் புத்தகத்தில் உள்ளபடி சொன்னாள், பாராட்டினேன். மணி அடித்ததும் பையன் என் மேசைக்கு வந்தான். அவன் தந்தை காப்பிக்கடையில் பானங்கள் விற்பவர், மேசை துடைப்பது இவன் வேலை. சூடான தே வைத்த இடம் காய்ந்திருக்கும், ஐஸ் போட்ட மைலோ பிங் வைத்த இடத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். எனவே குளிரில் கண்ணாடி சுருங்கிச் சிறு துவாரம் விழுகிறது என்பது அவன் முடிவு. எத்தனை நூறு குவளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்! சரியாகச் சொன்ன பெண்ணிடம் அந்த நீராவி எங்கிருந்து வந்தது என்று மறுநாள் கேட்டேன். உள்ளேயிருக்கும் ஐஸிலிருந்து என்றாள்.

அவர்களையே சோதனை சொல்லச் சொன்னேன். ரோஜா பாகு கலந்த பாலான பண்டோங்கை ஊற்றினால் கசிவது ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பையனே சொன்னான். ஊற்றினோம், வெளியே வழிந்தது நிறமற்ற தண்ணீர். ஐஸ் குவளையை மூடித் தராசில் வைத்தோம். கசிந்தால் எடை கூடக் காரணமில்லை, ஆனால் கால் மணி நேரத்தில் சுமார் 2 கிராம் கூடியது. "அப்படியானால் காற்றிலிருந்து" என்று அவன் மெதுவாகச் சொன்னான். உன் ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது, அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். இதைச் செய்வதானால் வெளியே தாழ்வாரத்தில் செய்.

அந்தப் பையனை நான் ஒரு விநாடிகூடப் பேசவிடவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசனையோடும் வருகிறது என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டியிருக்கிறார். படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். வகுப்பில் நின்றால் மூன்று விநாடி மூன்று நாளாகத் தெரியும். மேசைக்கு அடியில் விரலை மடக்கி மடக்கித்தான் பழகினேன்.

வியாழக்கிழமை உனக்கும் ஒளிச்சேர்க்கைதானே? நம் வாசல் தாழ்வாரத்துச் செம்பருத்தித் தொட்டியை அப்பா செவ்வாய் இரவு டாக்சியில் கொண்டுவருவார். இரண்டு இலைகளுக்கு வெளிச்சம் படாமல் இன்றே அலுமினியத் தாள் சுற்றிவிட்டேன், பாடம் வரை கழற்றாதே. புதன்கிழமை முழுவதும் பால்கனியில் வெயில் படட்டும். வியாழன் காலை ஏழு மணிக்கே இலையைப் பறித்துவிடாதே, அது இரவெல்லாம் செலவழித்த இலை. பள்ளித் திடலோரம் தொட்டியை வெயிலில் வைத்துவிட்டு, பத்தரை மணிப் பாடத்துக்குச் சற்று முன்னால் பறி. மழை பெய்து இலை பழுப்பாகவே நின்றால் பழுப்பு என்றே எழுதச் சொல்.

தொட்டியோடு எலுமிச்சைச் சோறும் வரும். சித்திக்கும் கொடு. டப்பாவை அப்பாவிடமே திருப்பி அனுப்பிவிடு, போன மாதம் அனுப்பிய இரண்டும் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அம்மா