ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதாமாதம் கட்டணம், ஐந்து மாதமாக அது இல்லை: இணைய நிறுவனத்துக்கு என் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஃபைபர் வாடிக்கையாளர்,
தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி,
இணையச் சேவை நிறுவனம்.

நாள்: 24.03.2025

பொருள்: கட்டணம் வாங்கிக்கொண்டே ஸ்டாட்டிக் ஐபியை நிறுத்தியது தொடர்பாக.

ஐயா,

நெட் வரவில்லை என்று நான் எழுதவில்லை. நெட் வருகிறது, வேகமும் சொன்னபடி இருக்கிறது. உங்கள் கால் சென்டர் ஒவ்வொரு முறையும் ஸ்பீடு டெஸ்ட் பார்த்துவிட்டு இதையேதான் எனக்குச் சொல்கிறது. என் புகார் வேறு. வெளியிலிருந்து என் வீட்டு சர்வருக்கு வரும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. அந்த வழிக்கான பணத்தை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

2022-இல் இணைப்பு எடுக்கும்போதே ஸ்டாட்டிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய மாறாத இணைய முகவரி, வேண்டும் என்று கேட்டுத்தான் எடுத்தேன். மாதம் 200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 236. அது எனக்கு ஏன் தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று, எங்கள் ரப்பர் மரம் ஒன்று ஓட்டின்மேல் சாய்ந்தது. மழை உள்ளே இறங்கி அலமாரி முழுக்க நனைந்தது. அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது முகங்கள் பிய்ந்து வந்தன. அப்பா இப்போது இல்லை. மிஞ்சிய படங்களையும், மலையாள எழுத்தில் இருக்கும் திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்களையும் (சொத்துப் பத்திரங்கள்) இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தேன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற இயங்குதளம் போட்டு, 4 டிபி டிஸ்க் இரண்டை ஒன்றுக்கொன்று நகலாக ஓடவிட்டு, அதையே வீட்டு சர்வராக்கி எல்லாவற்றையும் வைத்தேன். மஸ்கட்டில் இருக்கும் தம்பியும் சென்னையில் இருக்கும் தங்கையும் அவரவர் ஃபோனிலிருந்தே அதைப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் புதுப் படங்களை அதில் ஏற்றுவார்கள். அம்மா இங்கே டிவியில் போட்டுப் பார்ப்பார்.

கடந்த அக்டோபரில் ஒரு ராத்திரி இடி மின்னலில் உங்கள் ஃபைபர் பெட்டி கருகியது. அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, கரண்ட் அடாப்டர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். மறுநாளே ஆள் வந்து புதுப் பெட்டி மாட்டினார். அதற்கு நன்றி. ஆனால் அன்றிலிருந்துதான் இந்தக் கோளாறு.

பழைய பெட்டி பிரிட்ஜ் மோடில், அதாவது தான் ரவுட்டராகாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலையில், இருந்தது. இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம் என் சொந்த ரவுட்டரில் இருந்தது, பொது முகவரியும் அதற்கே வந்தது. புதுப் பெட்டியோ தானே ரவுட்டராக இருக்கிறது. அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது உங்கள் பக்கமிருந்து அதற்குக் கிடைக்கும் முகவரி, 100.81 என்று தொடங்குகிறது. பில்லில் அச்சிட்டிருக்கும் என் ஐபி முகவரி அதுவல்ல. 100.64 முதல் 100.127 வரையிலான வரிசை, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட்டுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. நான் என் பக்கம் எத்தனை போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தாலும், வெளியிலிருந்து வருவது எந்த வீட்டுக்கு என்று உங்கள் கருவிக்குத் தெரியாது; அங்கேயே விழுந்துவிடும். ஐபிவி6 என்ற புதுவகை முகவரி வருகிறதே, அந்த வழியாகவாவது திறக்கலாம் என்று பார்த்தேன். பெட்டியின் ஃபயர்வால் தடுக்கிறது. அதைத் திறக்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அதைத் தரமாட்டேன் என்கிறார்கள்.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு மூன்று முறை அனுப்பினேன். மூன்றுக்கும் ‘தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தது. டிசம்பரில் வந்த டெக்னீஷியன், “எல்லாம் செரியாத்தான் இருக்கு சாரே, ஒருக்கா ரீசெட் பண்ணிப் பாப்போம்” என்று என்னைக் கேட்காமலே என் ரவுட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டார். சர்வருக்கும் கேமராக்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த உள் முகவரிகள், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பு எல்லாம் போயின. திரும்பக் கட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. சிஜிநாட் என்ற சொல்லையே சொல்லிக்கொடுக்காமல் அவரை அனுப்பியது நீங்கள்.

கால் சென்டரில் ஒருவர், படங்களை கிளவுடில் போட்டுக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டுப் பிரமாணம் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நாங்கள். உங்கள் வேலை, விற்ற பொருளைக் கொடுப்பது.

தங்கை மகனின் முதல் பிறந்தநாள் ஜனவரியில். படம் வரவில்லையே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால், மாதம் 420 ரூபாய்க்கு வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு வயர்கார்ட் டனல் (பூட்டிய தனி இணைப்பு) போட்டு அதன் வழியாகச் சுற்றிவிட்டேன். இப்போது படம் வருகிறது. வீடியோ தடுமாறுகிறது. உங்களிடம் ஏற்கெனவே பணம் கட்டிய ஒன்றுக்காக இன்னொரு இடத்திலும் கட்டுகிறேன்.

பெட்டியை மாற்றியபோது, புதிய சீரியல் எண்ணை ஸ்டாட்டிக் ஐபி திட்டத்தில் சேர்க்காமல் சாதாரணத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே சரிசெய்துவிடலாம். பழைய முகவரியைத் திருப்பித் தாருங்கள், பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து பில்லில் வாங்கிய 1,180 ரூபாயையும், மூன்று மாத வாடகை 1,260 ரூபாயையும் சேர்த்து 2,440 ரூபாய் திருப்பித் தர வேண்டும். அடுத்த மின்னலுக்குப் பெட்டி மாறினாலும் இந்த அமைப்பு மாறக் கூடாது என்று என் கணக்கில் குறித்து வையுங்கள்.

உங்களிடம் தீர்வு இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகார் எண்கள், ஐந்து பில்கள், ஸ்டேட்டஸ் பக்கத்தின் படங்கள், வாடகை ரசீதுகள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு கையில் உள்ளவரை அனுப்புங்கள். மாலை 5 மணிக்குமேல் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்