கல்லூரிக் கால்பந்து: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் சங்கத்து ஆண்டறிக்கையில் தலைவருக்கு நன்றி, பொருளாளருக்கு நன்றி, பந்தல் போட்டவருக்கு நன்றி என்று இரண்டு பக்கம் போன பிறகுதான் பந்தே கண்ணில் படும். நன்றி சொல்லும் வேலையை உதவித் தலைவரிடம் கொடுத்துவிட்டேன், நேராக ஆட்டத்துக்குப் போகிறேன்.

நம் கல்லூரி அணி மண்டலப் போட்டியில் அரையிறுதிவரை போய்த் தோற்றது. ஏன் என்பதற்கு வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு காரணம் ஓடிக்கொண்டிருக்கிறது: ரெஃப்ரி சரியில்லை, ஸ்டாப்பர் (நடுவில் நின்று தடுப்பவர்) உயரம் பத்தாது, கோச் மாற்று ஆட்டக்காரரை லேட்டாக இறக்கினார். லீக்கிலிருந்து கடைசிவரை எல்லா மேட்சையும் ஓரக்கோட்டில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பையன்கள் வெறும் வயிற்றில் ஆடினார்கள். இந்த அறிக்கையில் நான் சொல்ல வந்தது இதைத்தான், மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

ஜூனில் செலக்‌ஷன் நடந்தது. இறுதியாண்டு முடித்தவர்கள் போய்விட்டதால் பாதி அணி புதுசு. வழக்கம்போல வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர்ப் பக்கத்துப் பையன்கள்தான் அதிகம். சென்னையின் எஃப்.சி.யின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வந்த வியாசர்பாடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷம் இடது ஓரத்தில் முன்னால் ஆடும் லெஃப்ட் அவுட்டும் அந்தப் பக்கம்தான், அவனை ஒரு தடுப்பாட்டக்காரரை வைத்துத் தடுக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும்.

அக்டோபர் மழையில் பயிற்சி நின்றது. வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதே மழைதான். மைதானத்தில் தண்ணீர் வடிந்து முடிவதற்குள் நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. அந்த நாள்களில் பி.டி. சார் பையன்களை மெரினா மணலில் ஓடவிட்டார். கெண்டைக்கால் இறுகியது, பந்துக் கட்டுப்பாடு கொஞ்சம் போனது, லீக்கின் முதல் ஆட்டத்தில் அது தெரிந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

இப்போது அரையிறுதி. காலை எட்டு மணி ஆட்டம், 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. எண்ணூரிலிருந்து வர வேண்டியவன் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறான், அந்த நேரத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியும்? ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, ஒரு பன். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவனுக்குக் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையில் கணிசமான பகுதி தூக்கத்திலேயே செலவாகியிருக்கும். முதல் பாதியில் ஒரு கோல் போட்டு நாம்தான் முன்னால் இருந்தோம், ஆட்டமும் நம் காலில்தான் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பேர் கெண்டைக்கால் இழுத்துக் கீழே உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் ஓடுவதை விட்டுவிட்டு நடந்தார்கள், இரண்டு கோல் வாங்கினோம். லீக்கில் தோற்ற ஆட்டமும் இப்படியேதான் போனது, ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இந்த வருஷம் நமக்கு மூன்று செட் ஜெர்சி நன்கொடையாக வந்தது. மூன்றாவது செட்டில் கல்லூரி பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, பையன்கள் அதைப் பயிற்சிக்குப் போட்டுக்கொள்கிறார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டையில் யாரும் பெயர் அச்சடிக்க முடியாது, அதனால்தானோ என்னவோ முட்டை வாங்கித் தர ஆள் வரவில்லை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு 2022-லேயே காலை உணவுத் திட்டம் கொண்டுவந்துவிட்டது. கல்லூரி வயதில் பசிக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

கணக்கு சிம்பிள். பயிற்சி முடிந்ததும் தலைக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி ஊறவைத்த கொண்டைக்கடலை. இருபத்தைந்து பேருக்கு ஒரு நாளைக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். ஒரு செட் ஜெர்சி பன்னிரண்டாயிரம் என்றால் அந்தப் பணத்தில் பதினெட்டு நாள் பயிற்சி ஓடிவிடும். ஆட்ட நாளில் இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, கையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வரும் சீசனுக்கு ஜெர்சி நன்கொடை வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வருத்தப்படுகிறவர்கள் என்னிடம் வந்து வருத்தப்படலாம்.

வேறு விஷயங்கள். ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பு) பையனுக்கு முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்து அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது, நன்றாகவே நடந்தது. திரும்பி ஆட ஒன்பது மாதமாவது ஆகும், அதற்குள் ‘எப்போடா வர்றே’ என்று அவனைக் கேட்பதை அண்ணன்மார்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பிசியோ செலவைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் 2025 ஜூலை 1 முதல் புது விதி: கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். அதற்கு முன் ஆறு விநாடி என்று ஒரு விதி பெயருக்கு இருந்தது, அதற்காக நம் ஆட்டங்களில் எந்த ரெஃப்ரியும் விசில் ஊதியதில்லை. முன்னால் இருக்கும்போது பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கும் நம் கீப்பருக்கு இது கஷ்டகாலம், பி.டி. சாரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

முட்டை அவிக்க மைதானத்து கேட்டுக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா ஒத்துக்கொண்டார், ஐம்பது முட்டை பிடிக்கிற பாத்திரம் மட்டும் நாம் கொடுக்க வேண்டும், யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் கொண்டுவாருங்கள். வாரத்துக்கு இரண்டு உறுப்பினர் காலையில் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். முதல் வாரம் நானும் பொருளாளரும். இரண்டாவது வாரத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இங்கிருந்து எழுந்து போவதற்கு முன் நோட்டில் எழுதிவிடுங்கள், ராத்திரி வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் கணக்கில் சேராது.